மச்சானுக்கு ஒரு பீங்கான்

பெரியவரின் அறையிலிருந்து குசினிக்குத் திரும்பும் நடையில், மாடிப்படிக்குக் கீழே அந்த அம்மா காத்து நிற்பார். நான் கிட்டப் போனதும் தட்டத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். உருளைக்கிழங்கு வைத்தபடியே இருக்கும். சூப்பில் ஆடை படிந்திருக்கும். மூடியை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடியேறிப் போய்விடுவார்.

முதலில் நான் அவரைச் சாப்பாட்டில் குறை பிடிக்கிற ஆள் என்று நினைத்தேன். எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

சுவிஸில், பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் ஒரு வயோதிபர் இல்லத்தில் எனக்குக் குசினியில் சமையல் உதவி வேலை. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு முழுக்கச் சாப்பாட்டுக் கடை அடுப்படிதான். நூறு பேருக்குச் சோறு வடிப்பேன். ஆட்களோடு கதைப்பதுதான் எனக்கு வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அந்த வகையில் சுவிஸ் எனக்கு வசதியான நாடு. மொழி தெரியாதவன் வாய் திறக்காவிட்டால் ஒருவரும் குறை சொல்வதில்லை.

பெரியவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சாப்பாட்டை விட்டார். தாதிமார் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வார். குசினிக்குப் பொறுப்பாக இருந்த சுவிஸ்காரி நல்ல மனுசி. உருளைக்கிழங்கை மசித்துப் பார்த்தார், பாலில் கரைத்துப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "இப்படியே போனால் வசந்தம் பார்க்க மாட்டார்" என்று டாக்டர் சொன்னதாக அவர்தான் எனக்குச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானமும் படிக்குக் கீழே மூடி திறந்தது. நான் வாய் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியாது.

"உங்களுக்கு அவர் ஆர்?"

"என்ரை அண்ணன்" என்றார். "ஒரு வயிற்றுப் பிள்ளையள்."

அவர்கள் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னதை நான் எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பேர்ன்காரரின் டொச் எனக்குக் காதில் ஏறாது. இந்த அம்மாவின் டொச் ஒவ்வொரு சொல்லாக, கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடக்கிற மாதிரி வரும். என்னுடையதும் அப்படித்தான். அதனால் அந்தக் கட்டடத்திலேயே நாங்கள் இரண்டு பேரும்தான் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கக் கதைத்தோம்.

எனக்கு விளங்காதது வேறு ஒன்று. குசினியில் பெரியவரைப் போலந்துக்காரர் என்பார்கள். இவரை உக்ரைன்காரி என்பார்கள். ஒரு தாய் தகப்பனுக்கு எப்படி இரண்டு இனப் பிள்ளைகள்?

நான் பின்கட்டில் கிழங்கு சீவும் நேரத்தில் அவர் வந்து ஒரு வாங்குப் பலகையில் இருந்துகொண்டு தானும் சீவுவார். தோல் அறாமல் ஒரே சுருளாக வரும். அப்படிச் சீவிக்கொண்டேதான் சொன்னார். அவர்களுடைய நகரத்துக்கு டொச்சில் லெம்பேர்க் என்று பெயர். அண்ணன் அதற்கு ஒரு பெயர் சொல்வார், தங்கச்சி இன்னொரு பெயர் சொல்வார். நான் டொச்சுப் பெயரையே வைத்துக்கொண்டேன். அது ஒருவர் பக்கமும் சாயாது. தகப்பன் போலந்துக்காரர், ட்ராம் ஓட்டினவர். தாய் உக்ரைன்காரி. கோயிலும் வேறு வேறு. அந்த ஊரில் இப்படிக் கலந்து கட்டினால் ஒரு வழக்கம் இருந்ததாம். ஆண் பிள்ளை தகப்பன் கோயிலுக்கு, பெண் பிள்ளை தாய் கோயிலுக்கு. சண்டை வராமல் இருக்கப் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு.

"சண்டை வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ளை வரேல்லை. வெளியிலை இருந்துதான் வந்தது."

யேசு பிறந்த நத்தாரும், இரண்டு கோயிலுக்கும் நாட்காட்டி வேறு என்பதால், அந்த வீட்டில் இரண்டு தரம் வரும். டிசம்பரில் தகப்பனுக்கும் மகனுக்கும். அப்போது தாயும் மகளும் பரிமாறுவார்கள். ஜனவரித் தொடக்கத்தில் தாய்க்கும் மகளுக்கும். அப்போது தகப்பன் தண்ணீர் தூக்குவார், மகன் விறகு கொண்டுவருவான். இரண்டு இரவுக்கும் சாப்பாடு ஒன்றுதான். அவித்த கோதுமையில் தேனும் அரைத்த கசகசாவும் விட்டுப் பிசைந்த ஒரு சட்டி. மேசை விரிப்புக்குக் கீழே கொஞ்சம் வைக்கோல். மேசையில் சாப்பிடுகிற பீங்கான் ஒன்று கூடுதலாக வைப்பார்கள்.

"அது ஆருக்கு?"

"செத்துப்போனாக்களுக்கு. அண்டைக்கு அவையும் வந்து இருப்பினம்."

எனக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டிலும் ஆண்டுத் திவசத்துக்கு இலை போடுவோம்.

முதல் உலக யுத்தம் முடிந்து, அதுவரை ஆண்ட ஆஸ்திரிய ராசா போனதும் நகரம் யாருக்கு என்று தெருவில் சண்டை தொடங்கியிருக்கிறது. அப்போது அண்ணனுக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஏழு. ஒரு தெரு உக்ரைன்காரரிடம், அடுத்த தெரு போலந்துக்காரரிடம். இரண்டு பேரையும் மேசைக்குக் கீழே படுக்க வைத்துவிட்டுத் தாய் ஒரு தெருவில் போய்ப் பால் வாங்குவாராம், தகப்பன் மற்றத் தெருவில் போய்ப் பாண் வாங்குவாராம். போலந்து வென்ற அன்று அண்ணன் துள்ளிக் குதித்தார். தாய் குசினிக்குள் போய்ச் சட்டி கழுவினார். "அண்ணனுக்கு அவன் துள்ளினது ஞாபகம் இருக்கு. அம்மா சட்டி கழுவினது ஞாபகம் இல்லை" என்றார் தங்கச்சியார்.

இந்தக் கதையைப் பெரியவரிடம் நான் கேட்கவில்லை. அவரே ஒருநாள் தொடங்கினார். நான் கதைக்காதவன் என்பதால் என்னிடம் கதைப்பது ஆட்களுக்குச் சுகம். இரண்டாவது யுத்தம் தொடங்கியபோது அவர் போலந்துப் படையில் இருந்தார். போலந்து விழுந்தது, தப்பிப் பிரான்சுக்குப் போனார். பிரான்சும் விழுந்தது, எல்லை கடந்து சுவிஸுக்குள் வந்தார். இங்கே ஆயுதத்தை வாங்கிவிட்டு மலையில் பாதை போட விட்டார்கள். யுத்தம் முடியுமட்டும் கல்லுடைத்தார். பிறகு பண்ணை வைத்திருந்த ஒரு கமக்காரர் வீட்டுப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவியும் போய்விட்டார்.

அவர் இங்கே கல்லுடைத்த காலத்தில்தான் அங்கே எல்லாம் நடந்தது. முதலில் ரஷ்யன், பிறகு ஜேர்மன்காரன். மேலே ஒருவன் ஏறி நிற்க, கீழே போலந்துக்காரரும் உக்ரைன்காரரும் ஒருவரை ஒருவர் கொல்லத் தொடங்கினார்கள். கிராமங்களை எரித்தார்கள். நகரத்துக்குள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுட்டார்கள். ஜேர்மன்காரன் பின்வாங்குகிற மாரியில் ஒரு பின்னேரம், யாரோ உக்ரைன் மொழியில் தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் மாடிப்படியில் இறங்கும்போதே வெடி விழுந்தது. இரண்டு கிழமை கழித்துத் தங்கச்சியின் புருசன் வீதியோரம் செத்துக் கிடந்தார். அவர் உக்ரைன் பள்ளிக்கூட வாத்தியார். அது போலந்துக்காரரின் பழிவாங்கல்.

"மச்சானுக்கு ஆக்களைத் தெரியும்" என்றார் பெரியவர். "அப்பாவை வெளியாலை கூப்பிட்டவங்கள் ஆரெண்டு அவனுக்குத் தெரியும். இல்லாட்டி அவனே காட்டிக் குடுத்திருப்பான்."

இதையே பின்கட்டில் கேட்டேன். தங்கச்சியாரின் கத்தி நின்றது. சுருள் அறுந்து விழுந்தது.

"அப்பாவைப் படியாலை தூக்கிக்கொண்டு வந்தது ஆர்? என்ரை மனுசன். அவரின்ரை சேட்டெல்லாம் ரத்தம். நான் பார்த்தன். அண்ணன் என்னத்தைப் பார்த்தவன்? கல்லுப் பார்த்தவன்."

பிறகு இன்னொரு கிழங்கை எடுத்தார். "எங்கடை கீழ்வீட்டிலை ஒரு யூதக் குடும்பம் இருந்தது. அதுக்கு முந்தியே ஜேர்மன்காரங்கள் கொண்டுபோயிட்டாங்கள். ஒருத்தரும் திரும்பேல்லை. அவையைப் பற்றி அண்ணனும் கதைக்கிறேல்லை, நானும் கதைக்கிறேல்லை. எங்களுக்கு எங்கடை கணக்குத்தான் பெரிசு."

யுத்தம் முடிந்து ஜேர்மனியில் முகாமில் கிடந்த தங்கச்சியை இங்கே கூப்பிட்டு எடுத்தது அண்ணன்தான். வந்த முதல் நத்தாருக்கு அவர் வீட்டு மேசையில் தங்கச்சியார் தன் புருசனுக்கு ஒரு பீங்கான் வைத்திருக்கிறார். அண்ணன் அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். தங்கச்சியார் உடுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு நின்ற பேச்சு. நாற்பது வருடத்துக்குக் கிட்ட. இவ்வளவுக்கும் அண்ணன் இந்த இல்லத்துக்கு வந்த பிறகு, பேர்னைச் சுற்றி எத்தனையோ இல்லங்கள் இருக்க, தங்கச்சியார் இதையே கேட்டு வந்து மேல்மாடியில் இருந்தார். சாப்பாட்டு மண்டபத்தில் அவர் ஒரு மூலை, இவர் மறு மூலை. கோபம் வைத்திருக்கவும் ஆள் கண்ணுக்கு முன்னால் வேண்டும் போலிருக்கிறது.

இதை எழுதும்போது எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். இங்கே நாங்கள் அகதிகள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அந்த வருடம் இலங்கையில் எங்கள் தமிழ் ஆயுத இயக்கங்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டன. செய்தி வந்த நாளிலிருந்து எங்களில் இரண்டு பேர் ஒரு சட்டியில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் நெல்லியடி, மற்றவர் கொக்குவில். இரண்டு பேரும் இங்கே வந்து மூன்று வருடம். அங்கே நடந்த ஒன்றையும் கண்ணால் கண்டவர்கள் இல்லை. ஆனால் யார் முதல் சுட்டது, எந்தச் சந்தியில், என்ன சொல்லிச் சுட்டது என்பதெல்லாம் நேரில் நின்ற மாதிரிச் சொல்வார்கள். நான் இரண்டு சட்டி வைத்தேன். அரிசி ஒன்று, பருப்பு ஒன்று, அடுப்பு ஒன்று, சட்டி இரண்டு.

நாலாவது ஆள் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், வாயாடி. "அண்ணை, பேசாமல் சட்டியிலை கொடியைக் கீறிவிடுங்கோ. மாறிச் சாப்பிட்டால் துரோகியாய்ப் போயிடுவினம்" என்பார். அவர் ஒருவர்தான் இரண்டு சட்டியிலும் சாப்பிட்டார்.

டிசம்பர் பாதியில் ஒருநாள் பெரியவர் தட்டத்தைத் தள்ளிவிட்டு, "எனக்குக் கோதுமை வேணும்" என்றார். "நத்தாருக்கு. அம்மா செய்யிற மாதிரி. அது எண்டால் சாப்பிடுவன்."

நான் நடையில் நின்ற தங்கச்சியாரிடம் சொன்னேன். அவர் மூடியைத் திறக்கவில்லை. கை மூடியின் மேலேயே இருந்தது.

"கேட்டவனோ? வாயாலை கேட்டவனோ?"

"ஓம்."

"அது இப்ப எனக்கு மட்டும்தான் தெரியும்." முகம் ஒருமுறை மலர்ந்தது. பிறகு இறுகியது. "நான் அவன்ரை அறைக்குப் போகமாட்டன். போய்ச் சொல்லு. என்ரை மனுசனுக்கு அந்த மேசையிலை பீங்கான் வைச்சால், அண்டைக்கு வாறன். இருந்து ஊட்டியும் விடுவன்."

போய்ச் சொன்னேன். பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "என்ரை மேசையிலை அவனுக்கு இடமில்லை. கோதுமையும் வேண்டாம்."

இனி என்ன செய்வது? இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தால் எனக்குக் கால்தான் தேயும். நான் தங்கச்சியாரிடம் திரும்பிப் போனேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாக டொச்சில் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"நீங்கள் வர வேண்டாம். எனக்குச் சொல்லித் தாங்கோ. நான் செய்யிறன். அவர் சாப்பிட வேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இந்தியனோ, என்னவோ. உனக்கு இது எப்பிடி வரும்?"

"நான் இலங்கை. வடிக்கிறது, அரைக்கிறது, பிசையிறது மூண்டும் எனக்கு வரும். மிச்சத்தைச் சொல்லுங்கோ."

குசினிக்குப் பொறுப்பான அம்மா கோதுமை எடுத்துத் தந்தார். நத்தாருக்கு முதல்நாள் ஊறப் போட்டேன். தங்கச்சியார் பின்கட்டு வாங்கில் இருந்து அதிகாரம் பண்ணினார். கோதுமை வெடிக்க வேண்டும், குழையக் கூடாது. சோற்றில் பதம் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது பெரிய வேலை இல்லை. ஒரு மணியை எடுத்து நசுக்கிக் காட்டினேன், அவர் தலையாட்டினார். கசகசாதான் பாடு. நாங்கள் சர்பத்தில் போடுகிற கறுப்பு விதை மாதிரி இருக்கும், ஆனால் இதை வெந்நீரில் ஊறவிட்டுப் பால் வருமட்டும் அரைக்க வேண்டும். காப்பிக்கொட்டை அரைக்கும் மெசினில் போட்டேன். "சீ, அதிலை காப்பி மணக்கும்" என்று கத்தினார். பிறகு சமையலறை மூலையில் கிடந்த கல்லுரலைத் தேடி எடுத்தேன். உள்ளங்கையில் தொட்டு நக்கிப் பார்த்தார். "இன்னும்" என்றார். நாலு தரம் "இன்னும்" சொன்னார். ஐந்தாம் தரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மன்னார்க்காரர் சிரித்தார். "சைவக்காரன் வைக்கோல் தேடித் திரியிறார், நத்தாருக்கு! அண்ணை, அடுத்த முறை மாட்டையும் பிடிச்சுக்கொண்டு வாங்கோ." ஆனால் பின்வீதிக் கமத்தில் கேட்டு ஒரு பிடி வைக்கோல் வாங்கித் தந்தவர் அவர்தான்.

டிசம்பர் இருபத்துநாலாம் திகதி. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. பெரியவரைச் சக்கர நாற்காலியில் தூக்கி இருத்தினேன். சட்டியின் மணம் மூக்கில் ஏறிய பிறகு வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. சின்ன மேசையில் வைக்கோல் பரப்பி வெள்ளைத்துணி விரித்தேன். அலுமாரியைக் கண்ணால் காட்டினார். உள்ளே நீலக் கரை போட்ட இரண்டு பீங்கான். ஒன்றைத் தன் முன்னால் வைக்கச் சொன்னார். மற்றதை எதிரில் வைக்கச் சொன்னார். சன்னலைத் திறந்து முதல் நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார், அது தெரிந்த பிறகுதான் சாப்பாடாம். முகில்தான் தெரிந்தது. நான் "தெரியுது" என்றேன்.

கதவு பாதி திறந்திருந்தது. நடையில் தங்கச்சியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

நான் சட்டியைத் திறந்து, அகப்பையில் நிறைய எடுத்து, எதிரில் இருந்த பீங்கானில் முதலில் போட்டேன்.

பெரியவர் இடக்கையால் மேசையில் அடித்தார். "என்ன செய்யிறாய்? அது வெறுமையாய் இருக்க வேணும்!"

எனக்குத் தெரிந்தது இதுதான். அந்தப் பீங்கான் செத்தவர்களுக்கு என்று தங்கச்சியார் சொல்லியிருந்தார். செத்தவர்களுக்கு முன்னால் வெறும் பீங்கானை வைப்பது எங்கள் ஊரில் அவமரியாதை. அவர்களுக்குப் படைத்த பிறகுதான் உயிரோடு இருப்பவர்கள் வாயில் வைப்போம். போலந்துக்காரருக்கு அந்தப் பீங்கானின் அர்த்தம் வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"இது வழியிலை வாற ஆளுக்கு" என்றார் அவர். "குளிரிலை கதவைத் தட்டுற உயிருள்ள மனுசனுக்கு. செத்தவங்களுக்கு இல்லை. திருப்பிச் சட்டிக்குள்ளை போடு."

 ஒரு விசயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. "மன்னியுங்கோ. படைச்சதைத் திருப்பிச் சட்டியிலை போடுறேல்லை. நான் போடமாட்டன்."

அவர் என்னையே பார்த்தார். அந்த இல்லத்தில் நான் "மாட்டேன்" என்று சொன்னது அதுவே முதல் தடவை.

வாசலில் இருந்து குரல் வந்தது. எனக்குத்தான். "அவனுக்குச் சொல்லு, எங்கடை அம்மாவின்ரை மேசையிலை அது செத்தவைக்குத்தான்."

பெரியவர் வாசலைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "அவளுக்குச் சொல்லு, இண்டைக்கு அப்பாவின்ரை மேசை."

"அப்பாவும் செத்துப்போனார் எண்டு அவனுக்குச் சொல்லு. அவர் சாப்பிடட்டும்."

 அகப்பையைப் பிடித்தபடி நின்றேன்.

"அப்ப அது அப்பாவுக்கு" என்றார் பெரியவர். "அப்பாவுக்கு மட்டும். அதையும் சொல்லு."

"தூக்கிக்கொண்டு வந்த ஆளுக்கு ஒரு கரண்டியும் இல்லையோ எண்டு கேள்."

"அவன் தூக்கினதை ஆர் கண்டது?"

"நான் கண்டனான்! நீ எங்கை நிண்டனி?" இந்த முறை என்னிடம் சொல்லவில்லை. நேராக அண்ணனுக்கு. அறைக்குள் வந்துவிட்டார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கட்டில் விளிம்பில் இருந்தார்.

அதற்குப் பிறகு டொச் இல்லை. அவர் தன் மொழியில் கத்தினார், இவர் தன் மொழியில் கத்தினார். இரண்டு மொழிக்கும் நடுவில் ஒரு சொல்கூடத் தவறிப்போகவில்லை என்பது பார்க்கத் தெரிந்தது. தாதி ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் கையால் போகச் சொன்னேன். நாற்பது வருடம் அடைத்துக் கிடந்த வாய்க்கால். வெட்டிவிட்டால் முதலில் சேறுதான் வரும்.

கத்திக்கொண்டே தங்கச்சியார் கரண்டியை எடுத்துச் சட்டிக்குள் விட்டார். கத்திக்கொண்டே அண்ணனின் வாய்க்கு நேரே நீட்டினார். அவர் ஒரு வசனத்தின் பாதியில் இருந்தார். வாய் திறந்திருந்தது. கரண்டி உள்ளே போனது. அவருக்கு மென்றே ஆகவேண்டியிருந்தது. மென்று விழுங்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அடுத்த கரண்டியும் அப்படித்தான் போனது. சண்டை ஓயுமுன் சட்டியில் பாதி முடிந்திருந்தது.

நான் நடைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். அழுதேனா சிரித்தேனா தெரியாது, குசினிக்குப் பொறுப்பான அம்மாவிடம் போய் "சாப்பிடுறார்" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். அதற்கும் எனக்கு வெட்கமாய் இருந்தது.

எதிரில் இருந்த பீங்கான் இரவு முழுக்க அப்படியே இருந்தது. தகப்பனுக்கு மட்டும் என்றார் அண்ணன். இரண்டு பேருக்கும் என்றார் தங்கச்சி. முடிவு இல்லை. காலையில் நான் அதை எடுத்துப் பின்முற்றத்தில் காகத்துக்கு வைத்தேன். சுவிஸ் காகமும் சாப்பிட்டது.

அதன் பிறகு பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். தங்கச்சியார் மத்தியானத்தில் போய் இருப்பார். கதைப்பதைவிடத் திட்டுவதுதான் கூட. ஆனால் மச்சான் கதையை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஜனவரி ஆறாம் திகதி தங்கச்சியாரின் நத்தார். அவரே என்னிடம் வந்து கோதுமை போடச் சொன்னார். பின்னேரம் நான் பெரியவரை லிப்டில் ஏற்றி மேல்மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். லிப்டுக்குள் அவர் இடக்கையால் தலைமயிரைத் தடவிச் சரிசெய்தார். தங்கச்சியின் அறைக்குள் அவர் அதுவரை ஒருநாளும் போனதில்லை. உள்ளே போனதும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சூடு போதாது" என்றார்.

தங்கச்சியாரின் மேசையிலும் வைக்கோல், அவர் மேசையிலும் கூடுதலாக ஒரு பீங்கான். இது அம்மாவின் மேசை, ஆகவே நிரப்ப வேண்டும். தங்கச்சியார் அகப்பையை எடுத்தார். ஒரு கரண்டி வைத்து "அம்மா" என்றார். இன்னொரு கரண்டி வைத்து "அப்பா" என்றார். மூன்றாவதை எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. அண்ணனைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தபடி நின்றார். அது தன் மேசை, தன் சட்டி, தானே போட்டிருக்கலாம். இத்தனை வருடமும் தனியாகப் போட்டுத்தான் இருப்பார். மெதுவாக அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு இருந்துவிட்டார்.

நான் என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பெரியவர் தன் முன்னால் இருந்த கரண்டியை இடக்கையில் எடுத்தார். அந்தக் கையும் முழுதாகச் சொற்படி கேட்காத கை. தன் பீங்கானிலிருந்தே அள்ளினார். பாதி வழியில் சிந்தியது. வெள்ளைத்துணியில் தேனும் கறுப்பும் ஒரு கோடாக விழுந்தன. நான் உதவிக்குக் குனிந்தேன். முழங்கையால் என்னைத் தள்ளினார். கரண்டியில் மிஞ்சியிருந்ததை மற்றப் பீங்கானின் ஓரத்தில் தட்டிவிட்டார்.

தங்கச்சியார் டொச்சில் கேட்டார். எனக்கும் விளங்க வேண்டும் என்று நினைத்தார் போலும். "அது ஆருக்கு?"

"போடச் சொன்னாய், போட்டிட்டன். ஆறிப்போகுது, சாப்பிடு." ஒரு வாய் மென்றார். "எனக்கு உன்ரை மனுசனைப் பிடிக்காது. இண்டைக்கும் பிடிக்காது."

"அவருக்கும் உன்னைக் கண்ணிலை காட்டேலாது" என்றார் தங்கச்சியார். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன் நிக்கிறாய்? கதிரையை இழு" என்றார்.

நான் இருந்து சாப்பிட்டேன். கோதுமை பதமாகத்தான் வெந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் தட்டத்தோடு திரும்பினேன். படிக்குக் கீழே தங்கச்சியார் நின்றார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். அரைவாசி மிச்சம் இருந்தது. தட்டத்தை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு நேராக அண்ணனின் அறைக்குள் போனார். கதவு சாத்துமுன்னே திட்டத் தொடங்கியிருந்தார்.